ஏழாவது தட்டு

கில்மோரா, கிளேர்
அக்டோபர் 1975

அன்புள்ள மலாக்கிக்கு,

எத்னா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா நலம், மாடு சினையாக இருக்கிறது. கூரையின் மேற்குப் பக்கம் மட்டும் நலமில்லை. நீ ஹாம்பர்க்கில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஈரச் சட்டையோடு வேனில் தூங்காமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

உன் கடிதத்தைத் தபால்காரர் மார்ட்டின் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். சைக்கிளை விட்டு இறங்காமலே, "உன் வீட்டுக்காரரோட புது ரெக்கார்டு கேட்டேன் எத்னா. நல்லா இருக்கு. நல்லாத்தான் இருக்கு" என்றார். நம் ஊரில் ஒருவர் ஒன்றை இரண்டு தடவை நல்லா இருக்கு என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். ஊர் மன்றத்தில் ரெக்கார்டைப் போட்டார்களே, எப்படிப் போனது என்பது ஒன்று. 'கிணற்றுப் பாதை' பாட்டைக் கம்பெனிக்காரர் சொல்கிறபடி மாற்றிப் போடலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் இரண்டாவது தானே விளங்கிவிடும். ஒளிக்காமல் எழுது என்றாய், எழுதுகிறேன். படித்துவிட்டு அங்கே யாரோடும் சண்டைக்குப் போகாதே.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் குவின்லனே அறிவித்தார். 'செம்மறிகள்' கோஷ்டியின் இரண்டாவது ரெக்கார்டு 'கண்ணாடிக் கப்பல்' வந்துவிட்டது, நம் பிள்ளைகள் லண்டனிலிருந்து முதல் பிரதியை மன்றத்துக்கென்றே அனுப்பியிருக்கிறார்கள், மாலையில் வந்து ஆடிவிட்டுப் போங்கள் என்றார். உங்கள் மின்சார கிட்டாரைச் சாத்தானின் மண்வெட்டி என்று பிரசங்கம் செய்த அதே மனிதர். இரண்டு வருஷமாக இந்தப் பக்கத்தில் உங்கள் முதல் ரெக்கார்டு 'ஈர வைக்கோல்' இல்லாமல் ஒரு கல்யாணம் நடந்ததில்லை, அவரும்தான் என்ன செய்வார். அந்த ருசியில்தான் ஊரே திரண்டு வந்தது. தரையில் மெழுகைச் சீவிப் போட்டு வழவழவென்று தேய்த்து வைத்திருந்தார்கள். பாட்ஸி லாலர் அடியில் ஆணி அடித்த புது ஷூ போட்டிருந்தார். அவர் மனைவி ஜோஸி தலைமயிரைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வந்திருந்தாள். நான் வழக்கம்போல் சுவரோரப் பெஞ்சில், எல்லோருடைய கோட்டுக்கும் காவல். நீதான் நம் ரெக்கார்டு பிளேயரை ஜெர்மனிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாயே, நானும் 'கண்ணாடிக் கப்பலை' அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கப்போகிறேன்.

முதல் பாட்டு லண்டன் வயலின்களோடு மெதுவாக வந்தது. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பாட்ஸி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். இரண்டாவது பாட்டிலும் தொப்பிகள் அங்கேயேதான் இருந்தன. மூன்றாவது 'கிணற்றுப் பாதை'. உங்கள் கோஷ்டி ஃபின்டனின் பிடில் தனியாக எடுத்ததும் எல்லோருக்கும் உயிர் வந்தது. நம்ம பாட்டு வந்தாச்சு என்று நாலு நாலு ஜோடியாகச் சதுரம் கட்டி நின்றுவிட்டார்கள். டிரம் விழுந்தது, காலை எடுத்தார்கள்.

சுற்றுக்கு ஆறு தட்டு என்ற தாளத்தில் பிறந்து வளர்ந்த கால்கள், மலாக்கி. நீ ஏழு வைத்திருக்கிறாய். ஆறு முடிந்தது என்று இவர்கள் அடுத்த சுற்றுக்குத் தாவினால், பாட்டு இன்னும் ஒரு தட்டு பின்னால் நிற்கிறது. ஜோஸியின் கட்டைவிரல் மேல் பாட்ஸியின் ஆணி. ஒரு சதுரம் இன்னொரு சதுரத்தின் மேல் போய் மோதியது. பாட்ஸி கையைத் தூக்கி, "நிறுத்துங்க ஃபாதர், ஊசி தடுக்குது" என்றார். ஃபாதர் அங்கியின் கையால் ஊசியைத் துடைத்தார். அதன் தலையில் பாரத்துக்கு ஒரு காசை வைத்து, பாட்டைத் திரும்ப முதலிலிருந்து போட்டார். திரும்பவும் தடுக்கியது. மறுபடி துடைத்தார், இன்னொரு காசு வைத்தார். ஜோஸியின் தங்கை வீட்டுக்கு ஓட்டமாக ஓடி, முந்தின நாள் கடையில் வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த பிரதியை எடுத்து வந்தாள். அதுவும் தடுக்கியது. பாட்டை யாரும் முடிவு வரைக்கும் கேட்கவே இல்லை. கடைசியில் பாட்ஸிதான் தீர்ப்புச் சொன்னார்: "பாவம், நம்ம பசங்கள லண்டன்காரன் நல்லா ஏமாத்திட்டான். மொத்தச் சரக்கும் பழுது." எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

ஒருவர்கூட உன்னை ஒரு குறை சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன் அம்மா மட்டும் பெஞ்சிலிருந்து, "ஊசியில ஒண்ணுமில்ல. பாட்டே அப்படித்தான். என் பையன் வேணும்னேதான் போட்டிருக்கான்" என்றாள். சுற்றி இருந்தவர்கள் அவளுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், துக்க வீட்டில் கொடுக்கிற மாதிரி. பிறகு 'ஈர வைக்கோலை' எடுத்துப் போட்டார்கள். மன்றம் அதிர அதிர ஆடினார்கள். திங்கட்கிழமை, புது ரெக்கார்டு வாங்கியிருந்த அத்தனை பேரும் பஸ் ஏறிப் போய், பழுது என்று சொல்லிக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உன் சொந்த ஊரே திருப்பி அனுப்பிவிட்டது என்று கம்பெனிக்காரர் உன்னைக் குத்திக்காட்டினால், நடந்தது இதுதான் என்று தெரிந்துகொள். ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இங்கே கூடமும் நேர், ஆடினவர்களும் கெட்டிக்காரர்கள். பாட்டுதான் கோணல்.

இப்போது பெஞ்சில் இருந்தவள் கதையைக் கேள். எல்லோரும் முட்டி மோதிக்கொண்டிருந்தபோது, கோட்டுக் குவியலுக்கு அடியில் ஒரு கால் மட்டும் தப்பே இல்லாமல் தட்டிக்கொண்டிருந்தது. முதலில் எனக்கே தெரியவில்லை. குனிந்து பார்த்தால் என் கால். அந்தப் பாழாய்ப்போன இடது கால். கிணற்றுக்குப் போகையில் நல்ல கால் வைக்கும், வாளி ஆடும், இடது கால் இழுத்துக்கொண்டு ஒரு தட்டு தாமதமாக வந்து சேரும். திருட்டுப் பயலே, காலையில் நான் தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு படுத்து, இதையா எண்ணிக்கொண்டிருந்தாய்? பதினோரு வயதில் காய்ச்சல் வந்து கால் போனதிலிருந்து எனக்கென்று ஒரு பாட்டுக்கு எவனும் தாளம் போட்டதில்லை. என் நெஞ்சு நிறைந்துபோனது மலாக்கி. அடுத்த நிமிஷமே கூச்சமாகவும் போனது. எழுந்து நின்று, ஊசி தடுக்கவில்லை, தடுக்குவது நான்தான் என்று கத்தலாமா என்று வந்தது. கோட்டுகளை மடித்து வைத்தேன்.

இனி உன் இரண்டாவது கேள்வி. அந்த ஏழாவது தட்டை எடுத்துவிட்டு ஆறில் வாசித்தால் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அந்த ஒரு பாட்டை மட்டும் சின்ன ரெக்கார்டாகப் போடுவார்கள், அது ஓடினால் மூன்றாவது ரெக்கார்டு உண்டு, இல்லாவிட்டால் கோஷ்டியோடு ஒப்பந்தம் முடிந்தது என்கிறார்கள். நீ, 'உனக்கு ஆட்சேபணை இருந்தால் நான் தொடமாட்டேன்' என்று எழுதியிருக்கிறாய். ஏன் என்னைக் கேட்கிறாய் என்று எழுதவில்லை. எழுத வேண்டாம், எனக்குத் தெரியும்.

எடுத்துவிடு. ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் இரும்பு மாட்டிப் பார்த்தும் நேராகாத காலை நீ ஒரு மத்தியானத்தில் நேராக்கிவிடுவாய் என்றால் எனக்கென்ன கசக்கிறதா? ஃபின்டன் மனைவிக்கு மாசம் நெருங்குகிறது. டிரம் அடிக்கிற டெரெக் உன்னை நம்பி லீட்ஸில் இருந்த வேலையை விட்டு வந்தவன். எனக்காக ஒரு தட்டைக் கட்டிக்கொண்டு நாலு பேரை மூழ்கடிக்காதே. பாட்டு ஓடி, நீ தலை நிமிர்ந்து இந்தச் சாலையில் நடந்து வந்தால் அது போதும் எனக்கு.

கல்லறைத் திருநாளுக்கு உன் அப்பாவின் கல்லறையில் உன் பேரிலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். குளிருக்குக் கழுத்தில் துணி சுற்றிக்கொள். உன் கைக்கும் குரலுக்கும் ஒரு குறையும் வராமல் தேவமாதா பார்த்துக்கொள்ளட்டும்.

உன்,
எத்னா


கில்மோரா
பிப்ரவரி 1976

அன்புள்ள மலாக்கிக்கு,

இது உன் கைக்கு வந்து சேருமா என்று தெரியாமலே எழுதுகிறேன். கிறிஸ்துமஸிலிருந்து உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உறை மேல் எழுதியிருப்பது ஃபின்டன் கொடுத்த முகவரி, துறைமுகத்துப் பக்கம் ஏதோ ஒரு மதுக்கடையின் பேர். மார்ட்டின் இப்போதெல்லாம் நம் கேட்டுக்கு வந்ததும் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். கடிதம் இல்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு மனசில்லை.

மாடு கன்று போட்டது, கன்று தங்கவில்லை. கூரையை ஃபின்டன் வந்து அடைத்துக் கொடுத்தான். உன் அம்மா இருமுகிறாள், சாப்பிடுகிறாள், ஜெபமாலை சொல்கிறாள், உன் பேரைச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

சின்ன ரெக்கார்டு மன்றத்துக்கு வந்தது. மறுபடி மெழுகு, மறுபடி ஜோஸியின் சுருள்முடி. இந்தத் தடவை யாரும் யாரையும் மிதிக்கவில்லை. கடைசி வரைக்கும் ஆடினார்கள், கையும் தட்டினார்கள். பாட்ஸிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா எத்னா, கம்பெனிக்காரன் பழுது பாத்து அனுப்பிட்டான்" என்று என்னிடமே வந்து சொன்னார். அப்புறம் அதே மூச்சில் ஃபாதர் பக்கம் திரும்பி, "இப்ப பழசப் போடுங்க ஃபாதர்" என்றார். அவ்வளவுதான் மலாக்கி. அதை மறுபடி போடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. வானொலியில் எப்போதோ ஒரு நாள் போட்டார்களாம், நான் கேட்கவில்லை. இந்த மாதிரிப் பாட்டு நம் பக்கத்தில் வேலிக்கு ஒன்று கிடக்கிறது, இன்னொன்று எதற்கு என்று நினைத்திருப்பார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தட்டிப் பார்த்தேன். என் கால் போய்ச் சேருவதற்குள் பாட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விடுகிறது. காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

ஃபின்டன் வந்த கதையைச் சொல்கிறேன். அவன் பால் பண்ணையில் கேன் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பெண் குழந்தை, உன்னைக் கேட்காமலே உன்னை ஞானத் தகப்பனாக வைத்திருக்கிறான். கூரையை அடைத்துவிட்டு இறங்கி வந்து ரொட்டியும் தேநீரும் சாப்பிட்டான். பிடில் எங்கே என்றேன். "அலமாரி மேல ஏத்தி வச்சுட்டேன். இனி பொண்ணு பெரியவளாகிக் கேட்டாத்தான்" என்றான். டெரெக் லீட்ஸுக்கே திரும்பிப் போய் பஸ் ஓட்டுகிறான் என்றான். உன்னைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. நான் விடவில்லை. கோப்பையைக் காலி செய்ய விடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தேன், கடைசியில் சொன்னான்.

ஆறில் வாசிக்க உட்கார்ந்த அன்றைக்கு உன்னால் முடியவில்லையாமே. ஒவ்வொரு சுற்றிலும் உன் கை அந்த ஏழாவது தட்டு இருந்த இடத்துக்கு வந்ததும் தானாக நின்று நின்று போனதாம். "அவனும் அடிச்சுப் பாக்குறான், அடிச்சுப் பாக்குறான், அந்தக் கை கேக்கல எத்னா. சாயங்காலம் கம்பெனிக்காரன் வேற ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து அந்தப் பாட்ட வாசிக்க வச்சான். பாடினதும் வேற ஆளுதான். மலாக்கி வெளிய வேன்ல உக்காந்திருந்தான்" என்றான். நாங்கள் மன்றத்தில் கைதட்டின ரெக்கார்டில் நீயே இல்லை. உன் பேரை மட்டும் உறையில் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு நாளாக அது உன் குரல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், உனக்குச் சளி பிடித்திருக்கிறது போல என்று வேறு உன் அம்மாவிடம் சொன்னேன்.

கம்பெனி உங்களைக் கை கழுவிவிட்டதையும் சொன்னான். கடைகளிலிருந்து திரும்பி வந்த 'கண்ணாடிக் கப்பலை' எல்லாம் உருக்கி, வேறு யாருடைய பாட்டுக்கோ ரெக்கார்டு வார்த்துவிட்டார்களாம். உருக்குகிற வழக்கம் உண்டு என்று எனக்குத் தெரியாது. நீ இப்போது துறைமுகத்துக் கடையில் மாலுமிகள் கேட்கிற பாட்டுகளை வாசிக்கிறாய், அதுவும் குடித்துவிட்டு வாசிக்கிறாய் என்றான். வீட்டுக்கு வா என்று கூப்பிட்டதற்கு நீ சொன்ன பதிலை அவன் அப்படியே சொன்னான். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ முன்னாடி போய் நிக்கிறது. அவ காலை நானே வெட்டிப் போட்டுட்டேன்" என்றாயாம்.

அட மடையா. வெட்டு என்று சொன்னவள் நான். உனக்குப் பாட்டுக் கட்டத் தெரிந்த அளவுக்குக் கடிதம் படிக்கத் தெரியாதா? நீ ஒன்றையும் வெட்டவில்லை, உன் கை வெட்ட விடவில்லை. வெட்டினவன் யாரோ முகம் தெரியாத ஆள். அவனுக்கும் கூலி வேலை. நீ அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அந்நிய தேசத்தில் கிடந்து அழுகிப் போகிறாய். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. பக்கத்தில் இருந்தால் கரண்டியாலேயே போட்டிருப்பேன்.

ஃபின்டன் கிளம்பும்போது வாசலில் நின்று, "அவன் வருவான்னு நெனச்சுக் காத்துக்கிட்டிருக்காத எத்னா. நானும் அவனை அப்படிப் பாத்ததில்ல" என்றான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன்.

மறுநாள் ஃபாதர் குவின்லனிடம் போய், அந்தப் பழுதான பெரிய ரெக்கார்டு மன்றத்தில் சும்மாதானே கிடக்கிறது, எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். அதை வைத்துக்கொண்டு என்னம்மா செய்யப்போகிறாய் என்றார். தேநீர்ப் பானைக்கு அடியில் வைக்க என்றேன். ஃபின்டன் தன் பிளேயரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். உன் அம்மா பூசைக்குப் போயிருந்த நேரத்தில் மேஜையைச் சுவரோரம் தள்ளினேன், கதவைச் சாத்தினேன், மூன்றாவது பாட்டைப் போட்டேன்.

ஆடினேன் மலாக்கி. முப்பத்திரண்டு வயதில் முதல் ஆட்டம். யாரும் பார்க்காத ஆட்டம், எதிரே ஜோடி இல்லாத ஆட்டம். அடுப்பிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து அடுப்புக்கு. இடது கால் பின்தங்குகிற இடத்திலெல்லாம் பாட்டு நின்று அதைக் கூட்டிக்கொண்டு போயிற்று. ஒரு இடத்தில்கூட நான் சுவரைப் பிடிக்கவில்லை. இதற்கு முன்னால் நான் இப்படிச் சிரித்த ஞாபகம் இல்லை.

ஆனால் பாதிக்கு மேல் போகவில்லை. ஃபாதர் அன்றைக்குக் காசு மேல் காசு வைத்து அழுத்தியதில் நடுவில் ஒரு ஆழமான கீறல் விழுந்திருக்கிறது. இப்போது நிஜமாகவே ஊசி தடுக்கி, பாட்டை விட்டு வெளியே ஓடிவிடுகிறது. எத்தனை தடவை போட்டாலும் அதே இடம்தான். மற்ற பிரதிகள் உருகிப் போய்விட்டன. சின்ன ரெக்கார்டில் சத்தத்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் ஒன்றும் இல்லாமல் செய்துவிட்டார்கள், அதில் முடிவே கிடையாது. ஃபின்டனைக் கேட்டேன், கடைசிப் பகுதியில் தனக்குப் பிடில் இல்லை, நீ தனியாக வாசித்ததுதான், ஞாபகம் இல்லை என்றான். அந்தக் கிணற்றுப் பாதை எங்கே போய் முடிகிறது என்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ வரமாட்டாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தோன்றினாலும் எழுதுகிறேன். கோஷ்டி வேண்டாம், கிட்டார் வேண்டாம், தலை நிமிர்ந்தும் வர வேண்டாம், குனிந்துகொண்டே வா. உன்னால் பாட முடியாவிட்டால் மேஜை மேல் விரலால் தட்டிக் காட்டு, போதும். எங்கே இருந்தாலும் கர்த்தர் உன் பக்கத்தில் இருக்கட்டும், அந்தக் கையை மட்டும் அவர் கெடுக்காமல் வைத்திருக்கட்டும்.

மேஜையை இன்னும் பழைய இடத்துக்குத் தள்ளவில்லை. ஊசி தடுக்கின இடம் வரைக்கும் ஆடிவிட்டேன். அங்கேயே நிற்கிறேன்.

உன்,
எத்னா